பயணத்தில் ஒரு பரிகாசம்

அரபு மத்ரஸாவில் ‘மன்திக்’ எனும் தர்க்க நூலை ஓதத் தொடங்கும் மாணவனுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று மனிதனைப் பற்றியது. மனிதன் ‘நாதிக்’, அதாவது, சிந்தித்துப் பேசும் பிராணி. இஃது அவனுடைய உள்ளியல்பு. மனிதன் ‘ளாஹிக்’, அதாவது, சிரிக்கும் பிராணி. இஃது அவனுக்கே உரிய பண்பாயினும் உள்ளியல்பு அன்று. உள்ளியல்பைப் பற்றிக்கொண்டு நிற்பது. இவ்விரண்டு வரையறைகளையும் உஸ்தாதின் முன் அமர்ந்து தடையின்றி ஒப்பித்த நாளில் அவற்றுக்கிடையே உள்ள உறவைப் பற்றி நான் சிந்தித்ததே இல்லை. பல்லாண்டுகளுக்குப் பின் அதைச் சிந்திக்க வைத்தவன் என் இளைய மகன்.

சென்னையில் கல்லூரியில் பயிலும் அவன், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் தன் கைபேசியில் ஒரு படத்தை எனக்குக் காட்டினான். ஓடும் ரயில் ஒன்றில் நடந்த வேடிக்கை அது. “வாப்பா, நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மின்சார ரயிலில் இதுபோல் ஒன்றைச் செய்யலாம் என்றிருக்கிறோம். இவர்களைப் போல ஆடையைக் குறைக்கும் வேலையெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். நிலையத்துக்கு ஒருவராக ஏறி, ஒருவரையொருவர் அறியாதவர் போல வண்டிக்குள்ளேயே குடையை விரித்து உட்கார்ந்திருக்கப் போகிறோம். யாருக்கும் நஷ்டமில்லையே, செய்யலாமா?” என்று கேட்டான்.

அவனுக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. ‘கூடாது’ என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கூறும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் என் நாவைக் கட்டிவிட்டது. அந்த ஐயத்தின் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் அவன் காட்டிய வேடிக்கையைப் பற்றிக் கூறிவிடுதல் முறையாகும்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 2001ஆம் ஆண்டில் சார்லி டாட் என்பவர் ‘இம்ப்ராவ் எவ்ரிவேர்’ என்ற குழுவைத் தொடங்கினார். பொது இடங்களில் கூட்டாகச் சேர்ந்து, எதிர்பாராத வேடிக்கைகளை நிகழ்த்துவது அக்குழுவின் நோக்கம். 2002 ஜனவரியில், கடுங்குளிர்க் காலத்தில், அக்குழுவினர் எழுவர் சுரங்க ரயிலின் ஒரே பெட்டியில் அடுத்தடுத்த நிலையங்களில் ஒவ்வொருவராக ஏறினார்கள். கோட்டு உண்டு, காலணி உண்டு, ஆனால் காற்சட்டை மட்டும் இல்லை. உள்ளாடையோடு வந்து, ஏதும் நடவாதது போல நின்றார்கள். முதலாமவரைக் கண்டவர்கள் ‘இவர் சித்தம் கலங்கியவர் போலும்’ என்று எண்ணியிருப்பார்கள். இரண்டாமவரைக் கண்டபோது திகைத்திருப்பார்கள். மூன்றாமவர், நான்காமவர் என்று வரவரத் தங்கள் கண்ணையே ஐயுற்றிருப்பார்கள். எட்டாவது நிலையத்தில் ஒரு பெண் பெரிய பையோடு ஏறி, ரயிலில் மிட்டாய் விற்பவர் போல, ‘ஒரு டாலருக்குக் காற்சட்டை’ என்று கூவினார். எழுவரும் வாங்கி அணிந்து, நன்றி கூறி, இறங்கி வெவ்வேறு திசைகளில் நடந்து மறைந்தார்கள். அப்பெண்ணும் அவர்களைச் சேர்ந்தவரே.

ஏழு பேரில் தொடங்கிய இந்த வேடிக்கை ஆண்டுதோறும் வளர்ந்து, ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளும் நிகழ்ச்சியாயிற்று. 2006இல் நியூயார்க் போலீஸார் 8 பேரைக் கைவிலங்கிட்டு அழைத்துச் சென்றார்கள். பின்னர் அவர்கள் மீதான வழக்கு தள்ளுபடியாயிற்று. 2009 முதல் லண்டன் சுரங்க ரயிலிலும் இது நடைபெறத் தொடங்கியது.

இதனை நம் மார்க்கத்தின் உரைகல்லில் வைத்துப் பார்க்கும்போது ஒரு பகுதி எளிதாகவே தீர்ந்துவிடுகிறது. மறைக்க வேண்டியவற்றை மறைத்தல் கடமை. நாணம் ஈமானின் ஒரு கிளை. மூடிய ரயில் பெட்டியில், தன் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள விரும்பும் ஒருவருக்குத் திரும்புவதற்கு வேறு திசையும் இல்லை. எனவே அந்த வேடிக்கையின் ஆடைப் பகுதியை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் என் மகன் அதைக் கேட்கவில்லை. அதை நீக்கிவிட்டே அவன் கேட்டான். அறியாதவர் போல நடித்து, கூட்டாக ஒரு வேடிக்கை செய்து, பிறரைத் திகைக்க வைத்தல் ஆகுமா என்பதே அவன் கேள்வி.

நம் மார்க்கம் சிரிப்புக்குப் பகையன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் வேடிக்கையாகப் பேசியதுண்டு. ஆனால் தாம் உண்மையன்றி வேறு பேசுவதில்லை என்றும் கூறியுள்ளார்கள். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவனைக் கடுமையாக எச்சரித்தும் இருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் நாவினால் விளையும் கேடுகளை எண்ணும்போது பரிகாசத்தையும் அவற்றுள் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறார்கள். எனினும் அவர்கள் கண்டிப்பது அளவு மீறுவதையும் அதையே தொழிலாகக் கொள்வதையுமே.

இப்பொருள் பற்றி ஆராய்வோருக்கு ஹதீஸ் நூல்களில் இரண்டு நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன. இரண்டும் பயணத்தில் நிகழ்ந்தவை. இரண்டும் தோழர்களின் விளையாட்டு.

முதலாவது, அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் வணிகத்தின் பொருட்டுப் புஸ்ராவுக்குச் சென்ற பயணத்தில் நடந்தது. பத்ருப் போரில் கலந்துகொண்ட நுஅய்மான், ஸுவைபித் (ரலி) எனும் இருவர் உடன் சென்றனர். ஒருவர் உணவுப் பொறுப்பாளர். மற்றவர் பசிக்கிறது என்று கேட்டபோது, தலைவர் வந்த பின்னரே தருவேன் என்று மறுத்துவிட்டார். பசித்தவர் வழியில் கண்ட ஒரு கூட்டத்தாரிடம் சென்று, “என்னிடம் ஓர் அடிமை இருக்கிறான், விற்கிறேன், தான் சுதந்திரமானவன் என்று அவன் சொல்வான், நம்பிவிடாதீர்கள்” என்ற கருத்தில் பேசி, தம் தோழரையே பத்து ஒட்டகங்களுக்கு விற்றுவிட்டார்! அவர் எவ்வளவோ மறுத்தும் வாங்கியவர்கள் கேளாமல் அழைத்துச் சென்றார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் திரும்பி வந்து விவரமறிந்து, ஒட்டகங்களைக் கொடுத்துத் தோழரை மீட்டு வந்தார்கள். இதைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்களும் தோழர்களும் ஓராண்டு காலம் நினைந்து நினைந்து நகைத்தார்கள் என்று அறிவிப்பு கூறுகிறது. இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டெனினும் நூல்களில் இடம்பெற்று வழங்கிவரும் நிகழ்ச்சி இது.

இரண்டாவது மிகச் சிறியது. பெருமானார் (ஸல்) அவர்களோடு தோழர்கள் பயணம் செய்துகொண்டிருந்தபோது, ஒருவர் உறங்கிவிட்டார். அவரிடமிருந்த கயிற்றை மற்றொருவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். விழித்தவர் திடுக்கிட்டார். அவ்வளவே. ஆனால் ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அப்போது தெளிவாகக் கூறிவிட்டார்கள்.

ஒரு மனிதரையே விற்ற விளையாட்டு ஓராண்டு நகைப்பாயிற்று. ஒரு கயிற்றை எடுத்த விளையாட்டு கண்டனத்துக்குள்ளாயிற்று. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். நானும் நெடுங்காலம் இதன் முடிச்சை அவிழ்க்க முயன்றேன். விற்றவரும் விற்கப்பட்டவரும் ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்த தோழர்கள். பறிபோனது முழுமையாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது; வாங்கியவரின் ஒட்டகங்கள் உட்பட. விற்கப்பட்டவரும் அவையில் அமர்ந்து சிரிப்பில் பங்குகொள்ளும் நிலையில் மீண்டு வந்தார். ஆனால் உறங்கிய மனிதர், திடுக்கிட்ட அந்தக் கணத்தில், தனியராக இருந்தார். சுற்றி நின்றவர்களின் விளையாட்டில் அவருக்குப் பங்கில்லை. அவர் அதன் பொருளாகவே இருந்தார். பரிகாசத்தின் நன்மை தீமை, செய்பவரின் எண்ணத்தை மட்டும் கொண்டு அளக்கப்படுவதன்று. அது யார் மீது விழுகிறதோ அவருடைய நெஞ்சில் வைத்து அளக்கப்படுவது. இதுவே நான் கண்ட விளக்கம். மேலான விளக்கம் அறிந்தோர் உரைப்பார்களாக.

நியூயார்க் வேடிக்கையைத் தொடங்கியவரும் இதை உணராதவரல்லர். 2011இல் ஆற்றிய ஓர் உரையில், முதலாண்டுப் படத்தில் உள்ள ஒரு பெண் பயணியைப் பற்றி அவர் பேசுகிறார். தனியே அமர்ந்திருந்த அப்பெண்ணுக்கு அந்தக் காட்சி முதலில் சிறிது அச்சமாகவோ குழப்பமாகவோ இருந்தது. அருகிலிருந்தவர்களும் கண்டு நகைத்து, அது பலரின் பொது அனுபவமானபோதுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது என்னும் கருத்தில் அவர் கூறுகிறார். தனிமையில் அச்சம், கூட்டத்தில் சிரிப்பு! கயிற்றை இழந்து விழித்த மனிதருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! எனினும் நெஞ்சம் ஒன்றே.

இனி, என் மகனுக்கு நான் உடனே மறுமொழி கூறாததன் காரணத்தைக் கூறுகிறேன். இதை எழுதுவதற்குச் சற்று நாணமாக இருக்கிறது. ஆயினும் எழுதாவிடில் மேலே கூறியவையெல்லாம் வெறும் உபதேசமாகிவிடும்.

1987ஆம் ஆண்டு. ஓர் அரபிக் கல்லூரியில் நான் ஓதிக்கொண்டிருந்த காலம். ஷஅபான் மாத இறுதியில் விடுமுறை விட்டு, நாங்கள் நால்வர் திருவாரூரிலிருந்து காரைக்குடி நோக்கிச் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்நாளில் அது மீட்டர் கேஜ் பாதை. பெட்டியில் இடம் கிடைத்த இடத்தில் ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்திருந்தோம். வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அந்தப் பகுதியில் எங்கும் காணும் உடையாதலால், நாங்கள் ஒரே கூட்டத்தார் என்று எவருக்கும் தோன்றியிராது. என் எதிரே ஒரு பெரியவர், மடியில் துணிப்பையோடு அமர்ந்திருந்தார். கண்பார்வை மங்கியவர். மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். “தம்பி, ஓதுகிற பிள்ளை போல இருக்கிறீர்கள். முத்துப்பேட்டை வந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்” என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்றேன்.

திருத்துறைப்பூண்டியைக் கடந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எங்களுள் ஒருவன் கண்ணால் சாடை காட்டிவிட்டு, வழியோடு போகிறவன் போல வந்து, “முத்துப்பேட்டையா பெரியவரே? அது போய்விட்டதே!” என்றான். பெரியவர் நம்பவில்லை. சற்று நேரத்தில் அடுத்த இருக்கையிலிருந்து இன்னொருவன், “ஆமாம், அப்போதே தாண்டிவிட்டோம்” என்றான். கதவோரம் நின்ற மூன்றாமவன், “அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போகிற வண்டியைப் பாருங்கள்” என்று வழியும் சொன்னான். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வாக்களித்திருந்தவன் நான். “நான் கவனிக்கவில்லை, போய்விட்டது போலத்தான் இருக்கிறது” என்றேன்.

அந்த ஆண்டுதான் நாங்கள் ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் ‘நுக்பத்துல் ஃபிகர்’ ஓதியிருந்தோம். ‘முதவாதிர்’ என்பதன் விளக்கம் எங்களுக்கு மனப்பாடம். பொய் சொல்ல ஒன்றுகூடிப் பேசி வைத்திருப்பார்கள் என்று எண்ணவே இடமில்லாத அளவுக்குப் பலர் ஒரு செய்தியை அறிவித்தால், அது உறுதியான அறிவைத் தரும் என்பது பாடம். நால்வர் சொன்னது முதவாதிர் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பாடத்தின் உயிர் எதுவோ அதையே நாங்கள் விளையாட்டுக் கருவியாக்கினோம். ஒருவர் சொல்லை நம்ப மறுத்த அந்தப் பெரியவர், ஒருவரையொருவர் அறியாத நால்வரின் சாட்சியத்தை நம்பினார். நம்பியது அவர் பேதைமையன்று, நம்புவதுதான் அறிவு. அந்த அறிவையே நாங்கள் அவருக்கு எதிராகத் திருப்பினோம்.

வண்டி ஒரு சிறு நிலையத்தில் நின்றது. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவசர அவசரமாக எழுந்து கதவை நோக்கிப் போனார். கதவருகே போனதும் உண்மையைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். இதில் எனக்கு ஐயமில்லை. எங்களுள் எவனும் கொடியவனல்லன். ஆனால் கதவோரம் நின்றவன் சொல்வான் என்று நான் இருந்தேன். வாக்களித்தவன் சொல்வான் என்று அவன் இருந்தான். மற்ற இருவரும் எங்கள் இருவரையும் நம்பி இருந்தார்கள். பெரியவர் இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்துவிட்டது. எங்களுள் ஒருவன் சன்னல் வழியே கூவினான். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. அடுத்து வந்த நிலையம் முத்துப்பேட்டை.

சிறிது நேரம் நால்வரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் மெல்லச் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்பும் அதில் இருந்தது.

அவர் நலமாகவே வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அடுத்த வண்டியோ, வழிப்போக்கர் எவரேனுமோ கிடைத்திருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நான் இத்தனை ஆண்டுகளாக என் மனத்துக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து திரும்பும்போது அந்த நிலையத்தில் இறங்கி விசாரித்தேன். பெயர் தெரியாத ஒருவரை எப்படி விசாரிப்பது? இறைவனுக்குரிய கடமையில் தவறியவன் இறைவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். அடியாரின் உரிமையில் கை வைத்தவன் அந்த அடியாரிடமே மன்னிப்புப் பெற்றாக வேண்டும் என்று நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடம் வரும் நாளில் அந்தப் பெரியவரின் துணிப்பை என் கண்முன் வரும்.

வாசகர்களே, இப்போது இரு கூட்டத்தாரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்நாட்டார் ஆடையைக் குறைத்தார்கள். நாங்கள் குறைவற்ற ஆடை அணிந்திருந்தோம். அவர்களும் அறியாதவர் போல நடித்தார்கள், நாங்களும் நடித்தோம். ஆனால் அவர்கள் நகைப்புக்குள்ளாக்கியது தங்களையே. நாங்கள் நகைப்புக்குள்ளாக்கியது எங்களை நம்பியவரை. அவர்களைப் பார்த்தவர் எவரும் வழி தவறிப் போகவில்லை. குளிரும் கைவிலங்கும் அவர்களுக்கே நேர்ந்தன. எங்கள் விளையாட்டின் விலையை நாங்கள் கொடுக்கவில்லை. இருட்டில் நின்ற ஒரு முதியவர் கொடுத்தார். அதிலும், அவர் என்னை நம்பியது என் முகத்துக்காக அன்று, என் தொப்பிக்காக. இறையச்சம் எனும் ஆடையே மேலானது என்று திருமறை கூறுகிறது. அன்று அந்தப் பெட்டியில் அந்த ஆடையைக் களைந்து நின்றவன் நான். நியூயார்க் இளைஞர்களைக் கண்டு முகஞ்சுளிக்கும்போது இதை நான் மறந்துவிடலாகாது.

ரயிலும் பேருந்தும் வெறும் வாகனங்கள் அல்ல. முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி வாழும் இடங்கள் அவை. “இந்த வண்டி எங்கே போகிறது?” “அடுத்த நிலையம் எது?” “பையைச் சற்றுப் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று அங்கே ஒருவர் மற்றவரிடம் ஒப்படைப்பவை அனைத்தும் அமானிதங்கள். வீட்டில் ஒருவரைப் பரிகசித்தால் அவர் எழுந்து போய்விடலாம். ஓடும் வண்டியில் அதற்கும் வழியில்லை.

கூட்டத்துக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. நால்வர் சேர்ந்து செய்த செயலில் ஆளுக்குக் கால் பங்குதான் பொறுப்பு என்று ஒவ்வொருவனும் உள்ளூர எண்ணிக்கொள்கிறான். தவறைத் திருத்தும் வேளை வரும்போதோ, அந்தக் கால் பங்கையும் மற்றவர் தோளில் வைத்துவிடுகிறான். ஆனால் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பதும், மறுமையில் ஒவ்வொருவரும் தனித்தே வருவர் என்பதும் திருமறையின் தீர்ப்பு. கூடிச் சிரிக்கலாம், கூடிப் பதில் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் அன்றிரவு என் மகனிடம் சொன்னேன். அந்தப் பெரியவரின் கதையை என் வீட்டில் நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்படியானால் குடை வேண்டாமா, வாப்பா?” என்றான்.

“குடை விரியுங்கள். சிரிப்பு உங்கள் மீதே விழட்டும். நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எவரேனும் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பத்துப் பேரும் குடை பிடித்தால் பதினோராவது ஒருவன் குடையில்லாமல் வரட்டும். மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவன் வேலை. எவர் முகத்திலாவது அச்சம் தெரிந்தால் அக்கணமே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் யார் என்பதை முன்னதாகவே பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களிடம் அந்த ஒருவன் இல்லை” என்றேன்.

செய்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். ஒரு மூதாட்டி கூரையை அண்ணாந்து பார்த்து, “ஒழுகுதா தம்பி?” என்று கேட்டுவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாராம். பதினோராவது ஆள் அருகே சென்று விஷயத்தைச் சொல்ல, “எனக்கும் ஒரு குடை கொடுங்களேன்” என்று கேட்டு வாங்கி, இறங்கும் வரை தாமும் விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பதினோராவது ஆள் யார் என்று நான் கேட்டேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

பேச்சு மனிதனின் உள்ளியல்பு. சிரிப்பு அதைப் பற்றி நிற்கும் பண்பு என்று தர்க்க நூல் கூறியதன் பொருள் இப்போது எனக்கு விளங்குகிறது. சிரிப்புக்காகச் சொல்லின் உண்மையை விற்பவன், கிளையில் ஒரு பூவைப் பறிப்பதற்காக வேரை வெட்டுகிறான். சொல் உண்மையாக இருக்கும்வரை சிரிப்புக்கும் இடமுண்டு.

அந்தப் பாதை இன்று அகல ரயில் பாதையாகிவிட்டது. அவ்வழியே பயணம் செய்ய நேரும்போது, எவரும் கேளாமலே, “அடுத்தது முத்துப்பேட்டை” என்று அருகிலிருப்பவரிடம் சொல்வது என் வழக்கம். அதனால் கடன் தீராது என்பதை அறிவேன். பெயரறியாத அப்பெரியவருக்கு வல்ல இறைவன் நன்மை செய்வானாக. என்னை மன்னிக்கும் மனத்தை அவருக்கு அருள்வானாக. நம் பிள்ளைகளின் சிரிப்பில் எவருடைய கண்ணீரும் கலவாமல் காப்பானாக. ஆமீன்.